சென்னியப்பனின் வலது கால்

ஜூன் 17, செவ்வாய்

இதை எழுதச் சொன்னது பிசியோதெரபி பார்க்கும் ஹசீனா டாக்டர். வலி எங்கே தொடங்குகிறது, எதுவரை போகிறது, அதற்கு முன்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தினமும் எழுதி, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம். ஐம்பத்தெட்டு வயதில் வீட்டுப்பாடம். உரக்கடையில் இரண்டு வருடம் முன்பு கொடுத்த டைரி ஒன்று பரணில் இருந்தது. கிழமைகள் மாறியிருந்தன. அடித்துவிட்டு எழுதுகிறேன்.

பெயர் சென்னியப்பன். உடுமலையில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இருபத்திரண்டு வருடமாக ஒரே இடது பக்க சீட். படிக்க வருகிறவர் ஸ்டியரிங் பக்கம், நான் இந்தப் பக்கம். என் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. இரண்டு பிரேக்கும் கம்பியால் இணைந்தவை. நான் மிதித்தால் அவர்கள் காலடியில் உள்ள பெடலும் தானாகக் கீழே போகும். உடம்பை வலது பக்கம் திருப்பி, ஒரு கையை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தை பிரேக்குக்கு மேலே ஒரு விரல்கடை தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். மற்ற மாஸ்டர்கள் காலைத் தரையில் வைத்துக்கொண்டு ஃபோன் பார்ப்பார்கள். என் வண்டியில் அதெல்லாம் கிடையாது. இதுவரை என் சீட்டில் ஒரு கீறல் விபத்து கிடையாது.

வலி: வலது பிட்டத்தில் ஒரு புள்ளி. அங்கிருந்து தொடையின் பின்பக்கம், முழங்காலுக்குப் பின்னால், கெண்டைக்காலின் வெளிப்புறம், கடைசியில் கட்டைவிரல். இருமினால் மின்சாரம் பாய்கிறது. தும்மினால் சொல்லவே வேண்டாம்.

"வலிக்கறது கால்லீங்க ஐயா. கோளாறு இடுப்புல" என்று டாக்டர் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்றைக் காட்டினார். எலும்புகளுக்கு நடுவில் உள்ள தட்டு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நெருக்குகிறதாம். உடம்பிலேயே தடிமனான நரம்பு அதுதானாம். இவ்வளவு தடிமன் என்று தன் சுண்டுவிரலைக் காட்டினார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உக்காருவீங்க?"

"நாலு மணி நேரம் இருக்குமுங்க."

எட்டு மணி நேரம். அதை ஏன் குறைத்துச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

காலையில் எழும்போது பிட்டத்தில் வலி. அதற்கு முன்னால் செய்த வேலை: தூக்கம்.

ஜூன் 20, வெள்ளி

புது ஆள் ஒருவர் வந்திருக்கிறார். வசந்தாமணி, வயது நாற்பத்தேழு. முக்கோணம் பக்கம் தென்னந்தோப்பு. வீட்டுக்காரர் நாச்சிமுத்துக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் கோயமுத்தூர் கூட்டிக்கொண்டு போய் டயாலிசிஸ் பண்ண வேண்டும். இதுவரை கொழுந்தன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டார். கார் ஷெட்டில் நிற்கிறது. கூலிக்கு ஓட்டும் டிரைவர் ஒரு வாரம் வருகிறார், மறு வாரம் ஃபோனை அணைத்துவிடுகிறார்.

"எனக்கு ரெண்டு மாசத்துல வரணுமுங்க மாஸ்டர். வேற ஆளில்லீங்க."

வரும் வரும் என்றேன். முதல் நாளே தெரிந்துவிட்டது, வராது. எதிரே சைக்கிள் வந்தால் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிடுகிறார். ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவையாவது நான் பிரேக் மிதித்திருப்பேன்.

வலி: தொடை, கெண்டைக்கால். அதற்கு முன்னால் செய்த வேலை: மேற்படி அம்மா.

ஜூன் 22, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு சுலோச்சனா கூப்பிடுவாள். என் மனைவி. மகள் வீட்டில், பெங்களூரில் இருக்கிறாள். பேத்தி பிறந்தபோது மூன்று மாதம் துணைக்கு இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். பேத்தி இப்போது யு.கே.ஜி.

"என்ன பண்ணுனீங்க சாப்பாட்டுக்கு?"

"ரசம்."

"நேத்து?"

"இதே ரசம்தான்."

கால் வலியைச் சொல்லவில்லை. சொன்னால் ஒன்று வர வேண்டும், இல்லை வராமலிருக்க ஒரு காரணம் சொல்ல வேண்டும். அவளை ஏன் அந்தச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டும். தீபாவளிக்கு வருவாள் என்று நினைக்கிறேன்.

இந்தப் பக்கம் டாக்டருக்கு வேண்டாம். இதையும் அடுத்த பக்கத்தையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துவிடுகிறேன்.

ஜூன் 26, வியாழன்

இன்று வலி தாங்க முடியவில்லை. குளியலறையில் வாளியைத் தூக்கக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன். நிமிர ஆறேழு நிமிடம் ஆகியிருக்கும். வெளியே பால்காரர் பாலை வைத்துவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. கூப்பிடவில்லை. வந்து என்ன செய்வார், கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். டீக்கடையில் வாயு என்றார்கள். மெடிக்கல் ஷாப்பில் நரம்பு வீக்கம் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஸ்கூல் முதலாளி கதிர்வேல், என்னைவிட இருபது வயது சின்னவர், "சுளுக்கா இருக்கும்ணா, சுளுக்கெடுக்கற கொடுமுடிக்காரர்கிட்ட எண்ணெய் வாங்கித் தேய்ங்க" என்றார்.

அவரிடம் நானும் சுளுக்கு என்றே சொல்லிவைத்திருக்கிறேன். நரம்பு என்று தெரிந்தால் அடுத்த நாளே சீட்டை விட்டு இறக்கி ஆபீஸில் ஃபாரம் நிரப்ப உட்கார வைத்துவிடுவார். இரக்கத்தோடுதான் செய்வார். ஆனால் இறங்கினால் நான் யாரிடம் பேசுவேன்? எனக்குப் பேச்சு என்பதே அந்த வண்டிக்குள்தான். ஆளுக்கு இருபத்தாறு நாள். கல்யாணம் ஆகப்போகிற பெண், ரிட்டயர் ஆன தாசில்தார், மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வருகிற மருமகள். இருபத்தாறாவது நாள் லட்டு கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். உடுமலையில் என்னைப் பார்த்து ஹாரன் அடிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியவர் யாரும் இல்லை.

இதற்கும் ஸ்டேப்ளர்.

ஜூலை 1, செவ்வாய்

டாக்டரிடம் போனேன். மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் வலது காலைத் தூக்கினார். பாதி உயரம் வருவதற்குள் கத்திவிட்டேன். இடது கால் சாதாரணமாகப் போனது. இதுதான் அடையாளமாம், காலை நீட்டித் தூக்கினால் நரம்பு இழுபடும்.

நோட்டைப் புரட்டினார். ஸ்டேப்ளர் அடித்த பக்கங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் என்னங்க ஐயா?" என்றார். பழைய உரக் கணக்கு என்றேன். எனக்குத் தோட்டமே கிடையாது.

ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஆடி முடியட்டும் என்றேன். அவர் கோபப்படாமல், என் கண்ணையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வலிச்சா வாங்க, வராட்டியும் போகட்டும். ஆனா கால் மரத்துப்போனாலோ, செருப்பு தானா கழண்டு விழுந்தாலோ, ஒண்ணுக்குப் போறது தெரியாமப் போனாலோ, அன்னைக்கே வரணும். மக்யா நாள்னு வெக்கக் கூடாது."

சரி சரி என்றேன். எழுதியும் வைத்துவிட்டேன், இதோ.

ஜூலை 3, வியாழன்

வசந்தாமணிக்கு இன்று பதினோராவது நாள் வகுப்பு. இரண்டாவது கியரில் தெய்வமே என்று போகிறார். கால் மட்டும் பிரேக்குக்குப் போகவே மாட்டேன் என்கிறது. போகத் தேவையில்லை, நான் மிதித்துவிடுகிறேன் அல்லவா.

"மாஸ்டர், பெடல் தானா உள்ள போகுதுங்க. நீங்க மிதிக்கறீங்களா?"

"நீங்க மிதிச்சா நான் எதுக்குங்க மிதிக்கறேன்?"

அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. சுலோச்சனாவுக்கும் ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தேன். மூன்றே நாள். நாலாம் நாள் சாவியை மேசை மேல் வைத்துவிட்டு, "உங்க பக்கத்துல உக்காந்து ஓட்டறதுக்கு நான் நடந்தே போயிக்கறேன்" என்றாள். அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது.

வலி: இடுப்பு முதல் கட்டைவிரல் வரை.

ஜூலை 6, ஞாயிறு

வலி குறைந்திருக்கிறது. காலையில் வாளியைத் தூக்கினேன், ஒன்றும் ஆகவில்லை. கொடுமுடிக்காரர் எண்ணெய் வேலை செய்கிறது. படித்தவர்கள் ஸ்கேன் ஸ்கேன் என்று பயமுறுத்துகிறார்கள்.

சுலோச்சனாவிடம் அரை மணி நேரம் பேசினேன். இரண்டு நாள் ரசம் இல்லை, தக்காளிச் சட்னி.

ஜூலை 7, திங்கள்

வலி: இல்லை. இதை இரண்டு தடவை எழுத வேண்டும் போலிருக்கிறது. இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

சந்தையில் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு நடக்கும்போது பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். "ஐயா, செருப்பை உட்டுட்டுப் போறீங்க." திரும்பிப் பார்த்தால் வலது செருப்பு பத்தடி பின்னால் கிடக்கிறது. வார் தளர்ந்துவிட்டது. தைத்தவர் சரியாகத் தைக்கவில்லை. வேறு வாங்கினேன், பின்பக்கம் பட்டி வைத்தது.

ஜூலை 10, வியாழன்

வசந்தாமணியிடம் ஒரு மாற்றம். இன்று தளி சாலையில் மூன்றாவது கியர் போட்டார். எருமை குறுக்கே வந்தது. கைகளை எடுக்கவில்லை. வண்டி அழகாக நின்றது. நல்ல நேரத்தில் மிதித்தேன். எருமை போன பிறகு தானாகவே முதல் கியர் போட்டுக் கிளம்பினார். இருபத்திரண்டு வருட அனுபவம் சும்மா இல்லை. எப்பேர்ப்பட்ட ஆளையும் தயார் பண்ணிவிடுவேன்.

வலி: இல்லை. பாதம் மட்டும் சாக்ஸ் போட்டதுபோல இருக்கிறது. எண்ணெயின் வழவழப்பு.

ஜூலை 12, சனி

வாசல் படியில் வலது கால் தட்டியது. விழவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இன்று ஒரு கண்டம் தப்பினேன்.

டயாலிசிஸ் நாள் என்பதால் சாயங்கால வகுப்பு. பொள்ளாச்சி சாலையில் ஒரு பள்ளிக்கூட வேனுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். வசந்தாமணி நாற்பதில் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அவருடைய பெண்ணின் காலேஜைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேன் திடீரென்று நடுரோட்டிலேயே நின்றுவிட்டது. பின் கண்ணாடியில் பிள்ளைகளின் முகங்கள் எங்களைப் பார்த்தபடி இருந்தன. நான் என் பலம் முழுவதையும் போட்டு மிதித்தேன். கார் ஒரு சாண் இடைவெளியில் நின்றது. உள்ளே ஒரு குழந்தை எங்களுக்கு டாட்டா காட்டியது.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க, பேச்சு என்ன பேச்சு" என்று சத்தம் போட்டேன். பேசிக்கொண்டிருந்தது நான்தான். அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாக ஸ்டார்ட் பண்ணினார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே ஒருவன் உயிரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. செவ்வாய்க்கிழமை, சுலோச்சனா கூப்பிடும் நாள் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

டாக்டரிடம் மிடுக்காகப் போனேன். வலியே இல்லை, எண்ணெயில் போய்விட்டது என்றேன். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை.

"எப்பிருந்துங்க வலி இல்லை?"

"ஆறாம் தேதி."

"செருப்பு விழுந்துதுங்களா?"

"வார் தளர்ந்துபோச்சுங்க."

கண்ணை மூடச் சொன்னார். எந்த விரலைத் தொடுகிறேன் என்று சொல்லுங்கள் என்றார். சுண்டுவிரல் என்றேன். நடுவிரல் என்றேன். கட்டைவிரல் என்றேன். கண்ணைத் திறந்தபோது அவர் கை மடியில் இருந்தது. கடைசி இரண்டு தடவை தொடவே இல்லையாம்.

பிறகு தன் உள்ளங்கையை என் பாதத்தில் வைத்தார்.

"பிரேக் மிதிக்கற மாதிரி அழுத்துங்க."

அழுத்தினேன்.

"அழுத்துங்க ஐயா."

"அழுத்திட்டுத்தான் இருக்கறனுங்க."

அவர் என் பாதத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது அவர் கையில் சும்மா சாய்ந்திருந்தது.

"வலி போனது குணமாகி இல்லீங்க. நரம்பு வலியைச் சொல்றதையே நிறுத்திருச்சு. வலி இருக்கற வரைக்கும் நரம்புக்கு உசிரு இருக்குன்னு அர்த்தம். அதனாலதான் அன்னைக்கே வரச் சொன்னேன்."

நாளைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் வைத்து, அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் தேதியிலிருந்து எண்ணினால் இன்றோடு பதின்மூன்று நாள். நான் மிதித்த பிரேக்குகள் எல்லாம் மிதித்தவைதானா? அந்த வேன்?

ஜூலை 19, சனி

ஸ்கேனுக்கு மதியம்தான் நேரம் கொடுத்திருந்தார்கள். காலையில் வசந்தாமணியின் வகுப்பு. கதிர்வேலிடம் சொல்லி வேறு மாஸ்டரை அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. ஆனால் வண்டியை எடுக்கவும் விடவில்லை. ஆபீஸ் வாசலிலேயே, இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

"அம்மணி, அன்னைக்கு வேன் நின்னுச்சே. பிரேக் யாரு புடிச்சது?"

"நான்தானுங்க."

"என் பெடல்?"

"என் காலடிப் பெடல் தானா அசையவே இல்லீங்களே மாஸ்டர்." அவருக்கு வெட்கம் கலந்த சந்தோஷம். "அன்னைக்கு மட்டுமில்லீங்க. பத்துப் பன்னண்டு நாளாவே அசையறதில்லை. மொதல்ல எல்லாம் நான் காலை எடுத்து வெக்கறதுக்குள்ள பெடல் தானா உள்ள போயிரும். நமக்கு இது வராது போலிருக்குன்னு வீட்டுல அழுதிருக்கறனுங்க. பொறவு ஒரு நாள் போகுல. நானா மிதிச்சேன், நின்னுச்சு. இவருகிட்டச் சொன்னேன், மாஸ்டர் என்னை நம்பி உட்டுட்டாருன்னு. அன்னையிலிருந்துதானுங்க பயம் போச்சு."

நான் முன்னால் தெரிந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எருமைக்கும் நீங்கதானுங்களா?"

"எதுக்குமே நான்தானுங்க."

இடுப்பு சரியில்லை, இன்று வகுப்பு இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

பதினோரு மணிக்கு ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

கதிர்வேலிடம் போய் சுளுக்கு இல்லை, நரம்பு என்றேன். எத்தனை நாளாக மரத்திருக்கிறது என்றார். மறைக்காமல் சொன்னேன். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிவிட்டது. அந்தப் பதின்மூன்று நாளில் என் சீட்டுக்குப் பக்கத்தில் எட்டுப் பேர் ஓட்டியிருக்கிறார்கள். அவர் ரெஜிஸ்டரை எடுத்து அந்தப் பெயர்களைப் படித்தார், சத்தமாகவே. ஒரு சின்னப் பெண், இன்னும் பத்தொன்பது முடியவில்லை. ஒரு தபால்காரர். ஒவ்வொரு பெயருக்கும் அவர் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்கண்ணா. சாமி புண்ணியம்" என்றார் கடைசியில்.

சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஹசீனா டாக்டரிடம் இந்த நோட்டையும் கொடுத்தேன். ஸ்டேப்ளர் பின்களை நானே கழற்றியிருந்தேன். உட்கார்ந்து முழுவதையும் படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "வீட்டுல யாருமே இல்லீங்களா ஐயா?"

ஜூலை 24, வியாழன்

ஸ்கேனில் இடுப்பின் கடைசி இரண்டு தட்டும் பிதுங்கியிருக்கின்றன. காலுக்குப் போகும் இரண்டு நரம்பு வேரையும் நெருக்குகின்றன. ஆபரேஷன்தான் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை படுக்கை காலியாகிறது. அன்று சேர்ந்தால் சனிக்கிழமை காலையில் பண்ணிவிடுவார்களாம். கால் பழையபடி வருமா என்றேன். வலி வராது, பலம் எவ்வளவு திரும்பும் என்பது எத்தனை நாள் தாமதித்தீர்கள் என்பதைப் பொறுத்தது என்றார். நாட்களை அவரிடமும் சொன்னேன்.

நான் எப்படி உட்காருவேன் என்று நடித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். உடம்பைத் திருப்பி, காலைத் தூக்கி. "இப்படியா, இருபத்திரண்டு வருஷமாவா" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

வேலை இல்லாமல் ஒரு வாரம். வீட்டில் இவ்வளவு சத்தம் இருக்கிறது என்று தெரியாது. பிரிட்ஜ் பேசுகிறது. தண்ணீர்த் தொட்டி பேசுகிறது.

சுலோச்சனாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

"ஒரு வார்த்தை சொல்றதில்லை நீங்க" என்றாள்.

வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் பழக்கம். வாய்வரைக்கும் வந்தது. "வா" என்றேன். பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, மகளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

ஜூலை 30, புதன்

வசந்தாமணிக்கு லைசென்ஸ் டெஸ்ட். வேறு மாஸ்டர் கூடப் போனார். எட்டுப் போட்டு, ரிவர்ஸ் எடுத்து, ஒரே தடவையில் பாஸ். சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார், தன் காரில். வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டு நான் எழுந்து வருவதற்குள் உள்ளே வந்துவிட்டார். லட்டு இல்லை, தோப்பு இளநீர் ஒரு குலை.

"உங்களாலதானுங்க மாஸ்டர். நம்பி உட்டீங்க."

இப்போது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவர், வெள்ளிக்கிழமை எப்படியும் இவரைக் கோயமுத்தூர் கூட்டிப்போகிறேன், நீங்களும் நம்ம வண்டியிலேயே வந்துவிடுங்கள் என்றார். கதிர்வேல் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். காரணத்தைச் சொல்லவில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டிருக்கிறார்.

சரி என்றேன். சொல்லாமலேயே இருந்துவிட்டால் என்ன என்று பத்து நாளாக யோசிக்கிறேன். அவருக்கு அந்த நம்பிக்கை வேண்டும், எனக்கு அந்தக் கும்பிடு வேண்டும். யாருக்கும் நஷ்டம் இல்லை. இப்படித்தான் அந்தப் பதின்மூன்று நாளும் நினைத்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கோயமுத்தூர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வருவதைப் பற்றி சுலோச்சனா இன்னும் சொல்லவில்லை.

காலை ஐந்தரைக்கு வந்துவிட்டார்கள். நாச்சிமுத்து முன் சீட்டில், நான் பின்னால். மனிதர் மெலிந்து, கையில் டயாலிசிஸ் குழாய்க்கான தடிப்போடு, என்னைப் பார்த்து அடிக்கடி சிரித்தார். வசந்தாமணி ஐம்பதுக்கு மேல் போகவில்லை. லாரியை முந்தவில்லை. பொள்ளாச்சி வரைக்கும் என் தொடை தானாகவே இறுகி இறுகி விட்டது. மிதிக்க என் முன்னால் பெடல் இல்லை, முன் சீட்டின் முதுகுதான்.

கிணத்துக்கடவு தாண்டியதும் சொன்னேன்.

"அம்மணி, நான் உங்களை நம்பி உடலீங்க. என் கால் மரத்துப்போச்சு. நான் மிதிச்சுட்டுத்தான் இருந்தேன். மிதிக்கறதா நெனச்சுட்டு இருந்தேன். டாக்டர் மொதல்லயே சொல்லியிருந்தாங்க, மரத்துப்போனா வரணும்னு. தெரிஞ்சேதான் உக்காந்திருந்தேன்."

அவர் இண்டிகேட்டர் போட்டார். கண்ணாடி பார்த்தார். மெதுவாக ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு இறங்கிப் போய், சாலையோரத்தில் முதுகைக் காட்டி நின்றார். லாரிகள் போகும்போது சேலை அடித்துக்கொண்டது.

"அந்த வேன் கதையை வீட்டுல நாலு நாள் சொன்னாளுங்க" என்றார் நாச்சிமுத்து.

திரும்பி வந்து உட்கார்ந்தார். சாவியைத் திருப்பவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"எனக்கொண்ணு ஆகியிருந்தா இவரை யாரு கூட்டிட்டுப் போவாங்கன்னு நெனச்சீங்களா மாஸ்டர்?"

"நெனைக்கலீங்க."

"அந்தக் கொழந்தைகளை?"

"அதுக்கப்பறந்தான் நெனச்சேன்."

"அப்ப என்னதான் நெனச்சீங்க?"

"சீட்டு போயிருமேன்னு நெனச்சேன். போனா பேச ஆளில்லீங்க."

அவர் கண் நிறைந்திருந்தது. கோபத்தில்தான். துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். கோயமுத்தூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நன்றாக ஓட்டினார். உக்கடம் நெரிசலில் நான் சொல்லிக்கொடுக்காத இடங்களில்கூட நன்றாக ஓட்டினார். பயம் எங்கேயும் திரும்பி வரவில்லை. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நாச்சிமுத்துவைக் கைபிடித்து இறக்கினார். பிறகு என் பக்கக் கதவைத் திறந்து, பையை எடுத்துத் தரையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"செவ்வாக்கெழமை இவரைக் கூட்டிட்டு மறுக்கா வருவேன். வார்டு நம்பர் தெரிஞ்சா ஃபோன் பண்ணிச் சொல்லுங்க. சோறு கொண்டாந்து வெக்கறேன்."

"அம்மணி…"

"பேச மாட்டேனுங்க. சோறு மட்டும்தான்."

மூன்று மணிக்கு வார்டு கொடுத்தார்கள். இரண்டாம் மாடி, பதினேழாம் நம்பர். ஃபோன் பண்ணினேன். எடுத்தார். நம்பரைச் சொன்னேன். ஊம் என்று கேட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார்.